சூப்பு கேட்டால் சோப்பு

கேள்வி: கணவரின் வேலைக்காக ஹூஸ்டன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பக்கத்து நூலகத்தில் வாரம் ஒரு மாலை பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வாலண்டியராகச் சேர்ந்தேன். பதினோரு பேர் வருகிறார்கள். மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடார்க்காரர்கள். எல்லோரும் ஆரம்ப நிலை. 'உணவு' பாடத்தை என்னிடம் கொடுத்தார்கள். அறுபது வார்த்தைகளுக்குப் படம் ஒட்டி அட்டை செய்துகொண்டு போனேன். அன்றைக்கு அழகாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் பத்து வார்த்தைகூட நினைவில் இல்லை. சரி, எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று இலக்கணம் எடுத்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கிலமும் பள்ளியில் படித்து வந்ததுதான். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு அப்புறம் போகட்டுமா, இல்லை விட்டுவிடட்டுமா? வார்த்தை முதலிலா, இலக்கணம் முதலிலா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

அன்புள்ள தோழிக்கு,

விட்டுவிட வேண்டாம். ஸ்பானிஷ் படித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த அறுபது அட்டைகளை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பரணில் போட்டுவையுங்கள்.

நானும் அட்டையோடுதான் ஆரம்பித்தேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால், சான் ஆன்டோனியோவில் முதல் வகுப்பு. உங்களுக்கு அறுபது என்றால் எனக்கு எண்பது. ஆஸ்பரகஸ்கூட இருந்தது, அதை நானே அதுவரை சமைத்ததில்லை. வகுப்பு முடிந்ததும், துப்புரவு வேலையிலிருந்து நேராக வந்திருந்த ஓர் அம்மாள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, 'டீச்சர், ஐ ஹேவ் ஹங்கர்' என்றார். எண்பது சாப்பாட்டுப் பெயர் சொல்லிக்கொடுத்த எனக்கு, 'பசிக்கிறது' என்று சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. கைப்பையில் இருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன். 'பனானா!' என்றார், பரீட்சையில் பதில் சொல்வதுபோல.

அவர் சொன்னது ஆங்கிலத்தில் தப்பு. ஸ்பானிஷில் அச்சு அசல் சரி. 'தெங்கோ ஆம்ப்ரே' என்பார்கள். என்னிடம் பசி இருக்கிறது என்று அர்த்தம். தாகமும் அப்படியே, வயதும் அப்படியே. 'ஐ ஹேவ் தேர்ட்டி இயர்ஸ்' என்று ஒருவர் சொன்னால் குழம்ப வேண்டாம், தன் வயது முப்பது என்கிறார். உங்கள் வகுப்பில் கேட்கப்போகும் பிழைகளில் பல இந்த ரகம்தான். பிழைக்குள் அவர்கள் தாய்மொழி உட்கார்ந்திருக்கும். அதை அடையாளம் காண ஸ்பானிஷ் பேசத் தெரிய வேண்டியதில்லை. அந்த மொழியின் ஐந்தாறு பழக்கங்கள் தெரிந்தால் போதும். அதில் பல பழக்கங்கள் தமிழுக்கும் உண்டு என்பதுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஆங்கிலத்தை மட்டுமே அறிந்த வாலண்டியருக்கு இந்த வசதி கிடையாது.

'மே குஸ்தா எல் போயோ' என்று ஒரு வாக்கியம். 'எனக்குக் கோழி பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானிஷ். 'நான்' இல்லை, 'எனக்கு'. பிடிப்பது கோழியின் வேலை, நான் ஓரமாக நிற்கிறேன். நம்முடைய வாக்கியமும் இதேதான். ஆங்கிலத்துக்கு வரும்போது 'ஐ லைக்' என்று ஆளைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் 'மீ லைக் சிக்கன்' என்பார்கள். சிலர் 'தி சிக்கன் லைக்ஸ் மீ' என்றுகூடச் சொல்வார்கள். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பலகையில் 'எனக்கு மீன் பிடிக்கும்' என்று தமிழிலேயே எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அம்புக்குறி போட்டு, 'மே குஸ்தா'வைப் பக்கத்தில் எழுதினேன். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. இந்த டீச்சரும் நம்மைப் போலத் தலைகீழாக நின்றுதான் ஆங்கிலம் கற்றிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் தங்கள் பெயரைத் தமிழில் எழுதித்தரச் சொல்லி நச்சரித்தது வேறு கதை.

அடுத்தது, எழுவாயை விழுங்குவது. சாப்பிட்டுவிட்டு 'நல்லா இருக்கு' என்கிறோமே தவிர, 'அது நல்லா இருக்கு' என்று சொல்வதில்லை. அவர்களும் 'எஸ்தா புவேனோ' என்று நிறுத்திவிடுவார்கள். அதனால் ஆங்கிலத்தில் 'இஸ் குட்', 'இஸ் வெரி ஹாட்'. விளக்கம் வேண்டாம். 'இட்' வரும் இடத்தில் மேசையை ஒரு தட்டு தட்டுங்கள். மூன்று வாரத்தில் அவர்களே தட்டுவார்கள். மேசை என்றதும் ஞாபகம் வருகிறது: நம் 'மேசை' போர்த்துகீசியம் வழி வந்தது, ஸ்பானிஷிலும் 'மேசா'தான். எனக்குப் பதிலாக ஒருநாள் வகுப்பெடுத்த யாழ்ப்பாணத்துத் தோழி, ரொட்டிக்கு ஸ்பானிஷில் 'பான்' என்று கேட்டதும், 'இது எங்கட பாண் எல்லோ!' என்று துள்ளினார். சமையலறைக்கு அவர் சொல்லும் குசினியும் அப்படித்தான், ஸ்பானிஷில் 'கொசீனா'. இதையெல்லாம் வகுப்பில் சொல்லுங்கள். பாடத்துக்கு நேரடியாக உதவாது. ஆனால் தயக்கம் போய்விடும்.

இப்போது உங்களைப் படுத்திய அந்த எண்ணக்கூடியது, எண்ண முடியாதது. இதற்குத் தமிழில் அருமையான இரண்டு சொல் இருக்கிறது: எத்தனை, எவ்வளவு. முட்டை எத்தனை, பால் எவ்வளவு. நாம் யோசிக்காமல் பிரிக்கிறோம். 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' இரண்டும் ஏறக்குறைய அதே கோட்டில் பிரிகின்றன. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல், 'குவாந்தோ'. ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை பார்த்து வாலை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஆக, 'எண்ண முடியாத பெயர்ச்சொல்' என்று நீங்கள் பலகையில் எழுதியபோது அவர்கள் விழித்ததில் ஆச்சரியமில்லை. அந்த நேரத்தில் 'ஹவ் மெனி' என்ற கேள்வியே அவர்களுக்குப் புதிது.

பெயர் வைக்காமல் கையால் காட்டுங்கள். நான் செய்வது இது. ஒரு துணிப்பையில் ஆறு முட்டை (அவித்தது, இல்லாவிட்டால் நூலகத் தரைவிரிப்பு நாசமாகிவிடும்), நாலு வெங்காயம், இரண்டு எலுமிச்சை, ஒரு டப்பாவில் அரிசி, ஒரு பாட்டிலில் எண்ணெய். முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கிறேன்: ஒன், டூ, த்ரீ. 'ஹவ் மெனி எக்ஸ்?' பிறகு அரிசியை உள்ளங்கையில் அள்ளி விரல் இடுக்கு வழியாக வழியவிடுகிறேன். 'ஒன், டூ...' என்று எண்ணுவதுபோல் நடித்து, கையை உதறி, முடியவில்லை என்று தலையாட்டுகிறேன். சிரிக்கிறார்கள். 'ஹவ் மச் ரைஸ்?' அவ்வளவுதான் இலக்கணம். பிறகு பை அவர்கள் கைக்குப் போகிறது. ஒருவர் எடுக்க, மற்றவர் கேட்க.

இடறும் இடம் ரொட்டி. ஸ்பானிஷில் ஒரு பான், இரண்டு பான் என்று தாராளமாக எண்ணலாம். நாமும் கடையில் 'ரெண்டு பிரெட்' என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் பிரெட் எண்ணிக்கைக்கு வராது. 'எ லோஃப் ஆஃப் பிரெட்', 'எ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்' இரண்டையும் ஒரே வார்த்தைபோலப் பழக்குங்கள். கூடவே 'எ கேலன் ஆஃப் மில்க்', 'டூ பவுண்ட்ஸ் ஆஃப் பொட்டேட்டோஸ்'. இந்த ஊர்க் கடையில் தினமும் வேண்டியவை. இதில் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். 'டூ காஃபீஸ், ப்ளீஸ்' என்று ஓட்டலில் இங்கே பிறந்தவர்களே கேட்கிறார்கள். புத்தகத்தில் காபி எண்ண முடியாதது என்பதற்காக அதைத் திருத்தினால், திருத்தியவர்தான் தப்பு.

நமக்கும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 'எ', 'தி'. தமிழில் இவை கிடையாது, அதனால் விட்டுப்போனாலும் கூடிப்போனாலும் நம் காதுக்கு உறைக்காது. அவர்கள் பிரச்சினை வேறு. ஸ்பானிஷில் 'மே குஸ்தா'வுக்குப் பின்னால் பொதுவாகக் கோழியைச் சொன்னாலும் 'தி' போன்ற 'எல்' போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் 'ஐ லைக் தி சிக்கன்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதைக் கேட்பவருக்கு, மேசையில் இருக்கும் இந்தக் கோழி என்று பொருள்படும். பொதுவாகப் பிடிக்கும் என்றால் 'தி' வேண்டாம், இந்தத் தட்டில் இருப்பது பிடித்திருந்தால் 'தி' போடுங்கள்: ஆரம்ப நிலைக்கு இந்த ஒரு விதி போதும். இந்த விஷயத்தில் மட்டும் வகுப்புக்கு முன்னால் உங்கள் வாக்கியங்களை எழுதிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் செய்கிறேன்.

பெயரடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'சல்சா வெர்தே' என்ற பச்சைச் சட்னி எல்லோருக்கும் தெரியும்: சல்சா முதலில், பச்சை பின்னால். ஆங்கிலமும் தமிழும் பச்சையை முன்னால் வைக்கும். பன்மைக்குப் பெயரடையிலும் 'ஸ்' சேர்த்து 'கிரீன்ஸ் ஆப்பிள்ஸ்' என்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் தானாகச் சரியாகும்.

சரி, வார்த்தைகளுக்கு வருவோம். அறுபதில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பது தெரியாது. தொமாத்தே, சோக்கொலாத்தே, என்சலாதா, ஃப்ருத்தா, கஃபே. ஒலியைக் கொஞ்சம் திருப்பினால் ஆங்கிலம். சொல்லப்போனால் டொமேட்டோ, சாக்லேட், அவகாடோ எல்லாம் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. 'இது உங்கள் ஊர் வார்த்தை, ஆங்கிலேயர்தான் கடன் வாங்கினார்கள்' என்று ஒரு மெக்சிகோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நாற்காலியில் அவர் உட்காரும் விதமே மாறும். மாங்கோ நம் ஊர்ச் சொத்து. மாங்காயிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுபோய் இரண்டு மொழிக்கும் சேர்ந்தது. ஷுகரும் அவர்களுடைய அசுக்காரும் நம் சர்க்கரையின் உறவுக்காரர்கள். இந்தத் தெரிந்த வார்த்தைகளை முதல் வாரமே கொடுத்துவிட்டால் ஒரே மாலையில் இருபது வார்த்தை கையில் இருக்கும்.

ஆனால் வேஷக்காரர்களும் உண்டு. ஸ்பானிஷில் 'சோப்பா' என்றால் சூப். அதனால் 'ஐ வான்ட் சிக்கன் சோப்' என்று கேட்பார்கள். 'தூனா' என்றால் சப்பாத்திக்கள்ளிப் பழம். மீன் டப்பாவில் 'டூனா' என்று இருந்தால் குழப்பம். இவற்றில் ராஜா ஒன்று இருக்கிறது. ஒருநாள் பிரெட் உறையைச் சுற்றுக்கு விட்டு, தெரிந்த வார்த்தைகளுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பெண் உறையைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்ட, அவர் அடுத்தவரிடம் காட்ட, வகுப்பே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உறையில் 'நோ பிரிசர்வேட்டிவ்ஸ்' என்று போட்டிருந்தது, அதாவது கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் எதுவும் இல்லை என்று. ஸ்பானிஷில் 'ப்ரெசெர்வதீவோ' என்றால் ஆணுறை. ரொட்டியில் அது இல்லை என்று கம்பெனிக்காரன் உத்தரவாதம் கொடுத்திருக்கிறான்! அன்றைக்குப் படித்தவர் யாரும் அந்த வார்த்தையை மறந்திருக்க மாட்டார்கள்.

இதனாலேயே, கூகுளில் பார்த்து ஸ்பானிஷ் அர்த்தம் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் ஸ்பானிஷே நாட்டுக்கு நாடு வேறு. 'தோர்த்தா' மெக்சிகோவில் சாண்ட்விச். தென் அமெரிக்காவில் பல நாடுகளில் அது கேக். வேர்க்கடலைக்கு மெக்சிகோவில் 'காகாவாத்தே', வேறு பல நாடுகளில் 'மனி'. (நம் வட ஆர்க்காட்டு மல்லாட்டை, மணிலாக்கொட்டையின் சுருக்கம், மணிலா ஸ்பானியரின் துறைமுகமாக இருந்த ஊர்.) பொருளையோ படத்தையோ காட்டினால் இந்தச் சண்டையே இல்லை. இன்னொன்று, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அது தாய்மொழி என்று நினைக்காதீர்கள். மெக்சிகோவில் மிக்ஸ்டெக், நாவாட்டில் போன்ற பழங்குடி மொழியோ, குவாத்தமாலாவில் மாம் மொழியோ பேசி வளர்ந்து, ஸ்பானிஷை இரண்டாவதாகக் கற்றவர்கள் இங்கே நிறைய. சிலர் பள்ளிக்கூடம் அதிகம் போயிருக்க மாட்டார்கள். தாளைக் கையில் பிடித்தபடி, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று வாராவாரம் ஒருவர் சொன்னால், அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள்.

உச்சரிப்பில் எல்லாவற்றையும் திருத்தப் போனால் விடியாது. அர்த்தம் மாறும் இடத்தை மட்டும் பிடியுங்கள். 'எஸ்பூன்', 'எஸ்ட்ராபெர்ரி' என்பார்கள். நம் ஊரில் 'இஸ்கூல்', 'இஸ்பூன்' என்கிறோமே, அதே படிக்கட்டு. பாம்புபோல 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துவிட்டு 'பூன்' என்று சொல்லவையுங்கள். அது வராவிட்டாலும் குடி முழுகாது. ஆனால் சிக்கனும் கிச்சனும் மாறினால், சூப்பும் சோப்பும் மாறினால், ஜாமும் ஹாமும் மாறினால் சிக்கல்தான். கடைசியாகச் சொன்னதில் நான் பட்டிருக்கிறேன். வருடக் கடைசி விருந்துக்கு யார் எதைக் கொண்டுவருவது என்று பட்டியல் போட்டோம். நான் சைவம் என்பதால் 'ஜாம் சாண்ட்விச்' என்று ஒருவர் பெயருக்கு நேரே எழுதினேன். ஸ்பானிஷில் 'ஜே' எழுத்தை 'ஹ' என்றுதான் படிப்பார்கள்; பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹாமுக்கு அவர்கள் வார்த்தை 'ஹமோன்', அதுவும் 'ஜே'யில்தான் தொடங்கும். டீச்சருக்கென்றே தனியாகத் தட்டில் மூடி, ஆறு ஹாம் சாண்ட்விச் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிட்டது சிப்ஸும் சல்சாவும்.

வார்த்தை முதலிலா, இலக்கணம் முதலிலா என்று கேட்டீர்கள். தெரிந்த வார்த்தைகள் போக, ஒரு மாலைக்கு ஒரு வாக்கியச் சட்டம், அதில் மாட்ட பன்னிரண்டு புது வார்த்தை. அதற்கு மேல் வேண்டாம். 'ஐ லைக் ___' ஒரு வாரம். 'ஐ டோன்ட் லைக் ___' அடுத்த வாரம். ஸ்பானிஷில் எதிர்மறைக்கு வெறும் 'நோ' போதும் என்பதால் 'ஐ நோ லைக்' என்று வரும், 'டோன்ட்' வர நாள் எடுக்கும். பிறகு 'ஹவ் மெனி', 'ஹவ் மச்'. பன்னிரண்டு வார்த்தை எவை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எச்-ஈ-பி மளிகைக் கடையின் வாராந்திரச் சலுகைத் தாளைக் கொண்டுபோய், இந்த வாரம் வாங்கப்போவதை வட்டமிடச் சொல்லுங்கள். ஆஸ்பரகஸை யாரும் வட்டமிட மாட்டார்கள்.

வேலையிலிருந்து வருகிறவர்களை உட்காரவைத்தால் தூங்கிவிடுவார்கள். எழுப்பி நிறுத்துங்கள். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்த முறை ஒன்று உண்டு: ஆசிரியர் கட்டளை இடுவார், மாணவர் பேசாமல் உடம்பால் செய்துகாட்டுவார். சமையல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. 'வாஷ் தி டொமேட்டோ', 'பீல் தி ஆனியன்', 'கட் தி லைம்'. வெறும் கையில் வெங்காயம் உரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர் ஒருவராவது இருப்பார். மறுவாரம் முதல் பத்து நிமிடம் அதே பை, அதே கட்டளை. மறந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் பழையதைத் தொடாமல் இலக்கணத்துக்குத் தாவியதால்தான் உங்கள் அறுபதும் போயிற்று.

வகுப்பில் ஓட்டல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஹூஸ்டனில் இல்லாமல் இருக்காது. இருந்தால் ஒரு மாலையை 'டஸ் இட் ஹேவ் பீநட்ஸ்?' என்ற கேள்விக்கு ஒதுக்குங்கள். அமெரிக்கச் சட்டம் ஒன்பது உணவுகளை முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாகக் குறிப்பிடுகிறது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, பாதாம் முந்திரி போன்ற மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023 ஜனவரியில்தான் சேர்ந்தது. இந்த ஒன்பதும், 'யெஸ், இட் டஸ்', 'நோ, இட் டஸன்ட்' என்ற இரண்டு பதிலும் தெரிந்தால், பரிமாறுகிறவர் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். 'டஸ்' எங்கே வரும், 'ஹேஸ்' எங்கே 'ஹேவ்' ஆகும் என்ற இலக்கணமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

திருத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். பேச்சை நிறுத்தித் திருத்தாதீர்கள். 'ஐ ஹேவ் ஹங்கர்' என்றால், 'ஓ, யூ ஆர் ஹங்க்ரி? ஐ ஆம் ஹங்க்ரி டூ' என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். ஒரு மாலைக்கு ஒரு பிழையைக் குறிவையுங்கள். மற்றவை காதில் விழாததுபோல் இருக்கட்டும். எனக்கு இதைப் பழகத்தான் அதிக நாள் ஆயிற்று. நாமெல்லாம் சிவப்பு மையில் வளர்ந்தவர்கள் இல்லையா?

அடுத்த வாரம் பை எடுத்துக்கொண்டு போகும்போது, முட்டை, அரிசியோடு ஒரு சூப் டின்னும் ஒரு ஹமாம் சோப்பும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று சொல்லிச் சோப்பைக் கையில் எடுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.